தாட்சண்யம் பார்க்கும் கை

கேள்வி: வரும் மே மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு ஐந்து நாள் பாரிஸ் போகிறேன். அவருக்கு 68 வயது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அவர் ஆசையாகக் கேட்ட ஒரே பயணம் இது. டிக்கெட் போட்டாகிவிட்டது. போன வாரம் என்னுடன் வேலை பார்க்கும் தோழி, பாரிஸில் ஒரு தேவாலயப் படிக்கட்டில் கையில் கயிறு கட்டிவிட்டு 40 யூரோ பிடுங்கிய கதையைச் சொன்னாள். அவள் கணவரின் போனும் அதே பயணத்தில் மெட்ரோவில் போய்விட்டதாம். அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை. என் பயம் என்னைப் பற்றியது இல்லை. அப்பா யார் வந்து பேசினாலும் நின்று பதில் சொல்கிறவர். பக்கத்து இருக்கைக்காரரின் பேரன் என்ன படிக்கிறான் என்பதுவரை கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். "யாரிடமும் பேசாதீங்க" என்று சொன்னால் அவர் மனசு ஒடிந்துபோகும். சொல்லாவிட்டால் ஏமாந்துவிடுவார். நான் என்ன செய்வது? பேசாமல் பயணத்தையே ரத்து செய்துவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, ரத்து செய்யாதீர்கள். இருபது வருடங்களாகக் குழுக்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போகிறேன். உங்கள் அப்பாவைப் போன்றவர் ஒருவராவது ஒவ்வொரு குழுவிலும் இருப்பார். அந்த ஊரை முழுசாக ரசித்துவிட்டுத் திரும்புகிறவர்களும் அவர்கள்தான். அவரை மாற்ற வேண்டாம். அவருடைய கைகளுக்கு மட்டும் கொஞ்சம் பழக்கம் சொல்லிக்கொடுத்தால் போதும்.

ஏன் கை என்கிறேன் என்றால், பாரிஸ் தெருவில் நடக்கிற ஏமாற்று வேலைகளை வருடக்கணக்காகப் பக்கத்தில் நின்று பார்த்ததில் ஒன்று புரிந்தது. பேராசைக்காரர்கள் மட்டும்தான் ஏமாறுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். நான் பார்த்தவரை ஏமாந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தாட்சண்யம் பார்த்தவர்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டும்போது நம் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ள நமக்கு மனசு வருவதில்லை. ஏமாற்றுகிறவர்களின் முதலீடே அந்த ஒரு நொடிதான்.

உங்கள் தோழிக்கு நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் மோன்மார்த்ர் குன்றின்மேல் இருக்கும் சாக்ரே கேர் தேவாலயத்தின் அடிவாரமாகத்தான் இருக்கும். தோட்டத்தைக் கடந்து படி ஏறத் தொடங்கும் இடத்தில் நாலைந்து பேர் வழியை லேசாக அடைத்தாற்போல் நிற்பார்கள். "எந்த நாடு?" என்பார்கள். பதில் சொன்னதும் கைகுலுக்க வருவதுபோல் வந்து உங்கள் ஆள்காட்டி விரலில் வண்ண நூலை மாட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த விரல் உங்களுடையது இல்லை. நூலை இறுக்கிப் பிடித்தபடி பின்னத் தொடங்கிவிடுவார்கள். விரலைச் சேர்த்து இழுத்தால் வலிக்கும், அதனால் நிற்பீர்கள். அரை நிமிடத்தில் மணிக்கட்டில் கயிறு ஏறி முடிச்சும் விழுந்துவிடும். பிறகு 20 யூரோ, 40 யூரோ என்று பேரம். சுற்றிலும் அவர்களுடைய ஆட்கள் இருப்பதால் நாமும் பயந்துபோய்க் கொடுத்துவிடுவோம்.

இதில் தப்பிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: விரல் நீளும் முன். அங்கே போகும்போது அப்பா இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்ளட்டும், அல்லது முதுகுப் பையின் வார்களை இரு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். "நோன், மெர்சி" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போக வேண்டும். சிரித்துக்கொண்டே சொல்லலாம், ஆனால் நிற்கக் கூடாது. அப்பாவுக்கு முட்டி வலி இருந்தால் இன்னும் நல்லது, பக்கத்திலேயே ஃபுனிக்குலேர் என்ற சிறிய இழுவை ரயில் இருக்கிறது. மெட்ரோ அட்டையை வைத்தே ஏறலாம். படிக்கட்டையும் கயிற்றுக்காரர்களையும் சேர்த்தே தவிர்த்துவிடலாம்.

மற்ற வித்தைகளிலும் கையைக் கவனித்துப் பாருங்கள். லூவ்ர் அருங்காட்சியகம், துய்லரி தோட்டம், பழைய ஓபரா கட்டடம் ஆகியவற்றின் பக்கம் இளம் பெண்கள் எழுதும் அட்டையோடு வருவார்கள். காது கேளாதோருக்கான மனு, ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று சைகை காட்டுவார்கள். நல்ல காரியம்தானே என்று ஒரு கையில் அட்டையையும் மறு கையில் பேனாவையும் வாங்குவீர்கள். இப்போது உங்கள் இரண்டு கையும் போயிற்று. கண்ணும் தாளில். அட்டைக்குக் கீழே உங்கள் பையின் ஜிப்பில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த அட்டைதான் மறைக்கிறது. கையெழுத்துப் போட்டு முடித்ததும் நன்கொடை கேட்டு மல்லுக்கு நிற்பது தனி.

சேன் நதிக்கரையில் நடக்கும்போது உங்களுக்கு முன்னால் போகிறவர் குனிந்து தரையிலிருந்து ஒரு தங்க மோதிரத்தை எடுப்பார். "உங்களுடையதா?" என்று உள்ளே பொறித்திருக்கும் முத்திரையைக் காட்டுவார். இல்லை என்பீர்கள். "எனக்கு அளவு சேரவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்று உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுவார். இரண்டு அடி போய்விட்டுத் திரும்பி வந்து, சாப்பிடக் காசில்லை, ஏதாவது கொடுங்கள் என்பார். அது பித்தளை. அங்கே அப்பா செய்ய வேண்டியது, உள்ளங்கையைத் திறக்காமல் இருப்பது. எப்படியோ வைத்துவிட்டாலும் அப்படியே தரையில் வைத்துவிட்டு நடக்கலாம். அதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை.

ஈஃபிள் கோபுரத்தின் பக்கம், ட்ரோக்கடேரோவிலிருந்து இறங்கும் வழியிலும் பாலத்தின் மேலும், தரையில் விரிப்புப் போட்டு மூன்று கிண்ணம் கவிழ்த்துப் பந்து எங்கே என்று கேட்கும் ஆட்டம் நடக்கும். ஜெயித்துக்கொண்டிருப்பவர், தோற்றுத் தலையில் அடித்துக்கொள்பவர், "நடுவில்தான் இருக்கிறது, போடுங்கள்" என்று உங்கள் காதில் சொல்பவர் எல்லோரும் ஒரே குழு. தெருமுனையில் போலீஸ் வருகிறதா என்று பார்க்கவும் ஓர் ஆள் நிற்பார். ஆடாமல் வேடிக்கை மட்டும் பார்க்கிறேன் என்று நிற்பவர்களின் பின் பாக்கெட்டுக்கும் அங்கே ஆள் உண்டு. அப்பாவுக்கு வேடிக்கை பார்க்கும் பழக்கம் இருந்தால் இதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அடுத்து மெட்ரோ. உங்கள் தோழியின் கணவர் தன் போன் போனதற்காகத் தன்னையே நொந்துகொண்டிருப்பார். அவருக்கு இதைச் சொல்லுங்கள். 2013 ஏப்ரல் 10 அன்று லூவ்ர் அருங்காட்சியகம் ஒரு நாள் முழுக்கத் திறக்கவில்லை. பிக்பாக்கெட் கும்பல்களின் தொல்லையும் மிரட்டலும் தாங்க முடியவில்லை என்று காவலாளிகளே வேலைநிறுத்தம் செய்தார்கள். 2015 மே 22 அன்று ஈஃபிள் கோபுரமும் அதே காரணத்துக்காகப் பல மணி நேரம் மூடிக் கிடந்தது. தினமும் அங்கேயே நிற்கும் ஊழியர்களுக்கே அந்த நிலைமை என்றால், முதல்முறை போகிறவர் தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மெட்ரோவில் முக்கிய இடங்களை இணைக்கும் 1ஆம் எண் தடத்திலும், ஈஃபிள் கோபுரத்துக்குப் போகும் 6ஆம் எண் தடத்திலும், விமான நிலைய ரயிலான ஆர்இஆர் பி-யிலும்தான் கைவரிசை அதிகம். ஈஃபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிர் ஹக்கேம் நிலையத்தில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் குழு பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் ஏறிய ஒரு பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள், சரியான ரயில்தானா என்று சந்தேகம் வந்தவள்போல் மேலே இருக்கும் வரைபடத்தைப் பார்த்தாள். நாங்கள் அவளுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றோம். எங்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் அவசரமாக நெருக்கினார்கள். நல்ல உடை, பள்ளிப் பிள்ளைகள் போன்ற முகம், ஒருத்தி கையில் மடித்துப் போட்ட கோட்டு. கதவு மூடப்போகும் ஒலி வந்ததும் நாலு பேரும் இறங்கி நடைமேடையில் நின்றார்கள். கதவு மூடியது. எங்கள் குழுவில் ஓர் அம்மாவின் பை திறந்திருந்தது. மொத்தமும் பத்து நொடிகூட இல்லை. அந்தக் கோட்டுக்கு அடியில்தான் கை வேலை செய்திருக்கிறது. எங்களை யாரும் முறைக்கவில்லை, தள்ளவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆளின் தோற்றத்தையும் நிறத்தையும் பார்த்து எடைபோட்டால் தப்பான ஆளைச் சந்தேகப்படுவீர்கள், சரியான ஆளை விட்டுவிடுவீர்கள். அதற்குப் பதில் நெரிசலைக் கவனியுங்கள். பெட்டிக்குள் இடம் இருக்கும்போதே வாசலில் மட்டும் நெருக்கினால், ஒரு அடி பின்வாங்கி அடுத்த ரயிலுக்கு நில்லுங்கள். 1ஆம் தடத்தில் அடுத்தடுத்து ரயில் வரும். உள்ளே போனதும் கதவோரம் நிற்க வேண்டாம். கதவோரத்து மடக்கு இருக்கையில் உட்கார்ந்து போனில் படம் பார்க்கவே வேண்டாம், கதவு மூடும் அந்தக் கடைசி நொடியில் பறித்துக்கொண்டு ஓடுவார்கள். அப்பாவின் பர்ஸ் பின் பாக்கெட்டில் இருக்கவே கூடாது. சட்டைக்கு உள்ளே போடும் துணிப் பட்டை ஒன்று வாங்கி, பாஸ்போர்ட்டையும் ஒரு வங்கி அட்டையையும் அதில் வைத்துவிடுங்கள். வெளியே எடுக்கும் பர்ஸில் அன்றைய செலவுக்கான பணம் மட்டும் இருக்கட்டும்.

இன்னொன்று, நிலையத்தில் ஒலிபெருக்கியில் "பிக்பாக்கெட்டுகள் இருக்கிறார்கள், கவனம்" என்று அறிவிப்பு வந்தால் உடனே பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். பணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்தக் கையே காட்டிக்கொடுத்துவிடும்.

டிக்கெட் இயந்திரம் விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், ஆறு பேரோடு விமான நிலைய ரயில் நிலையத்தில் நின்றேன். இயந்திரத்தில் பொத்தான்கள் எனக்குப் பிடிபடவில்லை, பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் வந்து ஆங்கிலத்தில் உதவட்டுமா என்றார். நான் நன்றி சொல்வதற்குள் அவர் விரல் திரையில் ஓடியது. "உங்கள் அட்டையை இது ஏற்காது, என் அட்டையில் போடுகிறேன், நீங்கள் ரொக்கமாகக் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். சீட்டுகளைத் தந்து, எந்த நடைமேடை என்றுகூட வழி காட்டினார். இறங்கும் இடத்தில் பரிசோதகர்கள் நின்றிருந்தார்கள். ஆறும் குழந்தைகளுக்கான அரைச் சீட்டுகள். ஆறு பேருக்கும் தண்டம் கட்டினேன். அவர்கள் முகத்தைப் பார்க்க அன்று முழுவதும் கூச்சமாக இருந்தது.

இப்போது அந்தத் தாள் சீட்டுகளுக்குப் பதில் நாவிகோ ஈஸி என்ற அட்டை வந்துவிட்டது. விலை 2 யூரோ, ஆளுக்கு ஒன்று வேண்டும். அட்டைக்குள் என்ன பயணம் ஏற்றியிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஆகவே யார் கையிலிருந்தும் வாங்காதீர்கள். இயந்திரத்தில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி நீங்களே செய்யுங்கள். 2025இல் மெட்ரோ பயணம் ஒன்று 2.50 யூரோ, விமான நிலையப் பயணம் 13 யூரோ. கிளம்பும் முன் அந்த நாளின் கட்டணத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் யாரும் உங்களைக் குழப்ப முடியாது. பின்னால் வரிசை நிற்கிறதே என்று பதற்றப்படாதீர்கள், என்னைக் கவிழ்த்தது அந்தப் பதற்றம்தான். புரியாவிட்டால் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் சீருடை ஊழியரிடம் நீங்களாகப் போய்க் கேளுங்கள்.

"நீங்களாகப் போய்" என்று சொன்னேன் அல்லவா, அப்பாவுக்கு நீங்கள் சொல்லவேண்டிய ஒரே விதி அதுதான். யாரிடமும் பேசாதீங்க என்று சொல்ல வேண்டாம். "நீங்க யாரைத் தேடிப் போய்ப் பேசினாலும் சரிப்பா, தானா வந்து கையைப் பிடிக்கிறவங்ககிட்ட மட்டும் நிக்காதீங்க" என்று சொல்லுங்கள். பூங்கா பெஞ்சில் செய்தித்தாள் படிக்கும் பெரியவரையோ, ரொட்டிக் கடை அம்மாவையோ அப்பா தேடிப் போய்ப் பேசினால் அங்கே ஏமாற்ற யாரும் காத்திருக்கவில்லை. கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்" (வணக்கம்) என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள். அந்த ஊரில் அதைச் சொல்லாமல் எதையும் கேட்டால் முகம் சுளிப்பார்கள், சொன்னால் ஆளே மாறிவிடுவார்கள்.

இதே விதி விமான நிலையத்திலும் பொருந்தும். ஷார்ல் து கோல் விமான நிலையத்தில் வெளியே வந்ததும் "டாக்ஸி? டாக்ஸி?" என்று ஒருவர் வந்து உங்கள் பெட்டியின் கைப்பிடியைப் பிடிப்பார். அவரோடு போகாதீர்கள். அறிவிப்புப் பலகையைப் பார்த்து அதிகாரபூர்வ டாக்ஸி வரிசைக்குப் போங்கள். அங்கிருந்து நகருக்குள் வர அரசு நிர்ணயித்த ஒரே கட்டணம்தான், 2016 முதல் அப்படி. 2025இல் சேன் நதியின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65 யூரோ. பெட்டிக்குத் தனிக்காசு கிடையாது. உங்கள் விடுதி எந்தக் கரையில் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் குழுவைச் சேராமல் முதல் நாளே தனியாக வந்து இறங்கிய ஒருவர் இப்படிக் கையைப் பிடித்தவரோடு போய் 210 யூரோ கொடுத்தார். வண்டியின் கூரையில் விளக்குப் பலகைகூட இல்லை.

சாதா உடையில் இருவர் வந்து, போலீஸ், கள்ள நோட்டுச் சோதனை, பர்ஸைக் காட்டுங்கள் என்றால் கொடுக்காதீர்கள். உண்மையான போலீஸ் அடையாளச் சான்று கேட்கலாம். உங்கள் நோட்டுகளை எண்ணிப் பார்க்கவோ, அட்டையின் ரகசிய எண்ணைக் கேட்கவோ அவர்களுக்கு வேலை இல்லை. சாதா உடையில் இருந்தாலும் பணியின்போது பொதுவாக ஆரஞ்சு நிறக் கைப்பட்டை போட்டிருப்பார்கள். "காவல் நிலையத்துக்கே போய்க் காட்டுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், போலியானவர்கள் கரைந்துபோவார்கள். அவசரத்துக்கு 17 அல்லது 112 என்ற எண்.

பணம் எடுக்க வங்கியின் சுவரிலோ உள்ளேயோ இருக்கும் இயந்திரம் போதும். "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா?" என்று கடையிலோ இயந்திரத்திலோ கேட்டால் வேண்டாம், யூரோவிலேயே என்று அழுத்துங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்கு நட்டம்தான். உணவகத்தில் பில்லிலேயே சேவைக் கட்டணம் அடங்கியிருக்கும், மேலே கொடுத்தே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடிக்க "ஊன் கராஃப் தோ" என்று கேட்டால் சாதாரணத் தண்ணீர் இலவசமாக வரும்.

தங்கும் இடம் இன்னும் முடிவாகவில்லை என்றால் ஒன்று கவனியுங்கள். வாடகை வீட்டு விளம்பரங்களில் 13 எழுத்துகள் கொண்ட பதிவு எண் இருக்க வேண்டும், அது பாரிஸ் மாநகராட்சியின் விதி. எண்ணும் இல்லாமல், விளம்பரம் வந்த இணையதளத்துக்கு வெளியே நேராக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அந்த வீட்டையே மறந்துவிடுங்கள்.

இவ்வளவு பார்த்தும் ஏதாவது போய்விட்டால், முதலில் வங்கி அட்டையை முடக்குங்கள், அதற்கான எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதி விடுதியில் வையுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் எழுதி, ரசீதை மறக்காமல் வாங்குங்கள். வெளிநாட்டவருக்காகப் பல மொழிகளில் புகார்ப் படிவம் வைத்திருக்கிறார்கள். காப்பீட்டுக்கும், பாஸ்போர்ட் போயிருந்தால் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்கும் அந்த ரசீதைக் காட்ட வேண்டும்.

அதைவிட முக்கியமாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அப்பா எதையாவது பறிகொடுத்தால் அவரைத் திட்டாதீர்கள். சில வருடங்களுக்கு முன் எங்கள் குழுவில் ஒரு பெரியவர் அந்த மோதிரக்காரரிடம் 30 யூரோ கொடுத்துவிட்டார். மகன் எல்லோர் முன்னாலும், "அப்பவே சொன்னேன்ல, உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று கத்திவிட்டார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கால் வலி என்றார். அதற்கடுத்த நாளும் கால் வலி என்றார். மீதி நாட்களை விடுதி அறையிலேயே கழித்துவிட்டுத் திரும்பினார். 30 யூரோவை அந்த மகன் மறந்திருப்பார். அந்த மூன்று நாளை மறந்திருக்க மாட்டார்.

உங்கள் ஐந்து நாளில் ஒரு மத்தியானத்தை அப்பாவின் பேச்சுக்காக ஒதுக்கிவையுங்கள். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பெல் என்ற பகுதி இருக்கிறது. ஈழத்திலிருந்து போனவர்கள் நடத்தும் கடைகளும் உணவகங்களும் தெரு நெடுகத் தமிழ்ப் பெயர்ப் பலகையோடு இருக்கும். பாஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் கோயில். அங்கே அவர் யாரிடம் வேண்டுமானாலும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். மெட்ரோவில் 2ஆம் எண் தடம், இறங்கும் நிலையத்தின் பெயரும் லா ஷப்பெல்தான். பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு போங்கள், கார் து நோர் நிலையத்தைச் சுற்றி எப்போதும் நெரிசல்.